ஆசிரியர் வீட்டுக் காகிதங்கள்

அந்த வீட்டில் எழுதாதவள் அவள் ஒருத்திதான். அப்பா ஒரு நாளிதழின் ஆசிரியர். தலைமுடி கறுப்பாக இருந்தபோது அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர், முழுக்க நரைத்த பிறகே எழுந்தார். சித்தப்பா கவிஞர். அண்ணன் நாவலாசிரியர், வேறு ஊரில் இருக்கிறான், பெரிய பெயர். அம்மாவும் கல்யாணத்துக்கு முன்னால் கதைகள் எழுதியவள், அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. உப்பைக் கேட்டால்கூட உவமையோடு கேட்கிற குடும்பம் என்று வந்துபோகிறவர்கள் சொல்வார்கள்.

"எல்லாரும் எழுதிக்கிட்டே இருந்தா யாருதான் படிக்கிறது? இவ படிக்கட்டும்" என்று சித்தப்பா ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னார். அன்றிலிருந்து அவளுக்கு வாசகி என்ற பெயர் நிலைத்துவிட்டது. மருந்துக்கடையில் அவளுக்கு வேலை கிடைத்தபோது அதற்கும் சித்தப்பா ஒன்று வைத்திருந்தார்: "டாக்டருங்க கையெழுத்தையே படிச்சிடறா. இவளைவிடப் பெரிய வாசகி எவ இருக்கா?"

அப்பாவை வீட்டிலும் ஆசிரியர் என்றுதான் சொல்வார்கள். அம்மா அப்படித்தான் சொல்வாள். "ஆசிரியர் குளிச்சாச்சா?" "ஆசிரியருக்கு இன்னிக்கு வயிறு சரியில்ல." அதெல்லாம் அவரைப் பற்றிப் பிறரிடம் பேசும்போது. நேரில் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எதிரே போய் நிற்பாள், அவரே நிமிர்ந்து பார்ப்பார்.

சித்தப்பா முதலில் போய்ச் சேர்ந்தார். சில வருடம் கழித்து அம்மா. அண்ணன் காரியம் முடிந்த மறுநாளே கிளம்பிப் போனான். பெரிய வீட்டில் ஆசிரியரும் வாசகியும் மிஞ்சினார்கள். அவளுடைய கல்யாணம் நெடுநாள் முன்பே முறிந்து போயிருந்ததால், அவள் எங்கே இருப்பது என்ற கேள்வியே எழவில்லை.

ஆசிரியருக்கு மறதி மெதுவாகத்தான் வந்தது. முதலில் கண்ணாடியை வைத்த இடம் மறந்தது, பிறகு சாப்பிட்டது மறந்தது. ஒருநாள் காலையில் இஸ்திரி போட்ட சட்டை, ஷூவோடு வாசலில் போய் நின்றுகொண்டு, "வண்டி இன்னும் வரலையா? யாரு டிரைவர் இன்னிக்கு?" என்று கேட்டார். அவருடைய பத்திரிகையை யாரோ வாங்கி, பெயரை மாற்றி, அந்தக் கட்டடத்தையும் இடித்துத் தள்ளிவிட்டிருந்தார்கள். வாசகி அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து, "இன்னிக்கு லீவு நாள் சார்" என்றாள். ஏன் சார் என்று சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் அது அவருக்குச் சரியாகப் பட்டது போலிருக்கிறது. அன்று முதல் பெரும்பாலான நாட்களில் அவள் அவருக்கு மகள் இல்லை, உதவி ஆசிரியர்.

போனில் விஷயத்தைச் சொன்னபோது அண்ணன் டாக்டர் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டான். பிறகு, "எல்லாத்தையும் உடனே பத்திரப்படுத்தணும்" என்றான். காகிதங்களைச் சொல்கிறான் என்று அவளுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று.

காகிதங்கள் மாடியறையில் இருந்தன. தகரப் பெட்டிகள், அட்டைப் பெட்டிகள், நாடா கட்டிய கோப்புகள். ஆசிரியர் எழுதிய தலையங்கங்களின் கையெழுத்துப் பிரதிகள், அவருக்கு வந்த கடிதங்கள். சித்தப்பா அச்சகத்துப் புரூஃப் தாள்களின் பின்பக்கத்தில் எழுதிக் குவித்த கவிதைகள். அண்ணன் பள்ளிக்கூடத்தில் எழுதிய முதல் நாடகம்கூட இருந்தது. எதையும் எறியாமல், பூச்சி அரிக்காமல், வருடா வருடம் வெயிலில் காயவைத்து எடுத்து வைத்தவள் அம்மா. கோப்புகளின் முதுகில் பெயர் எழுதி ஒட்டியிருந்ததும் அவள்தான்.

அண்ணன் பேசி முடித்ததில் பல்கலைக்கழக நூலகம் அத்தனையையும் வாங்கிக்கொள்ளச் சம்மதித்தது. தனி அறை, ஆசிரியர் பெயரில் பலகை. பட்டியல் எடுப்பதற்காக நூலகத்திலிருந்து ஒரு பெண் வர ஆரம்பித்தாள். சின்ன வயது. மென்மையான தூரிகையால் ஒவ்வொரு தாளையும் துடைத்து, படம் எடுத்து, எண் போட்டுப் புது உறைக்குள் வைப்பாள். வாசகியை அக்கா என்றும் ஆசிரியரை ஐயா என்றும் கூப்பிடுவாள். காலையில் அவரைக் கவனிக்க ஒரு நர்ஸம்மா இருந்தார். வாசகி மதியம் வரை கடையில் நின்றுவிட்டு வந்துவிடுவாள்.

ஒருநாள் அவள் வீட்டுக்குள் நுழையும்போதே நூலகத்துப் பெண் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, கொஞ்சம் மேல வாங்க. ஒண்ணு காட்டணும்."

சித்தப்பாவின் கவிதை ஒன்றின் மேல் பென்சில் கோடு விழுந்திருந்தது. கடைசி வரிகள் அடிக்கப்பட்டு, ஓரத்தில் 'சுருக்கவும்' என்று கொக்கி போட்ட எழுத்தில் எழுதியிருந்தது.

"இது நேத்து இல்லக்கா. ஐயா காலையில மேல வந்திருக்கார். நான் டீ குடிக்கப் போன நேரம்."

வாசகி கவிதையை முழுதாக ஒருமுறை படித்தாள். அடித்த வரிகளை விட்டுவிட்டு ஒருமுறை படித்தாள்.

"உண்மையைச் சொல்லணும்னா, இப்பதான் நல்லா இருக்கு" என்றாள்.

நூலகத்துப் பெண்ணுக்குச் சிரிப்பு வரவில்லை. "இது மூலப் பிரதி அக்கா. அழிச்சாலும் தடம் போகாது."

அறையைப் பூட்டினார்கள். அது வேறு வினையாகப் போயிற்று. மறுநாள் ஆசிரியர் கதவைப் படபடவென்று தட்டிக்கொண்டு நின்றார். "எவன்யா பூட்டினது? மேட்டர் எல்லாம் உள்ள கிடக்கு. பக்கம் அச்சுக்குப் போக வேண்டாமா? நாளைக்கு வெள்ளைத் தாளையா விக்கப்போறீங்க?" நர்ஸம்மா பிடித்துப் பார்த்தார், ஆசிரியர் அவர் கையைத் தட்டிவிட்டார். அன்று முழுக்க ஒரு வாய் சாப்பிடவில்லை.

யோசனை நூலகத்துப் பெண்ணுடையதுதான். எப்படியும் எல்லாத் தாளையும் படம் எடுக்கிறாள். அவற்றை ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தால் என்ன? மறுநாள் காலையில் வாசகி ஒரு கட்டு நகலைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்து, "இன்னிக்கு மேட்டர் சார்" என்றாள். ஆசிரியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பென்சிலைச் சீவினார். நிமிராமலே, "ஏன் லேட்டு?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு வீட்டில் அமைதி வந்தது. தன் பழைய தலையங்கங்களையே யாரோ எழுதியதாக நினைத்து அவர் வெட்டித் தள்ளினார். "இவனுக்கு ஒரே விஷயத்தை மூணு தடவை சொல்லணும். வாசகனை முட்டாள்னு நினைச்சுட்டான்." ஒரு மந்திரி அவருக்கு எழுதிய நன்றிக் கடிதத்தில் எட்டுப் பிழை கண்டுபிடித்தார். அண்ணனுடைய பள்ளிக்கூட நாடகத்தைப் பார்த்துவிட்டு, "பையன் தேறுவான். ஆனா இப்ப வேண்டாம்" என்றார். வாசகி இதை அண்ணனிடம் சொல்லவில்லை. திருத்திய நகல்களை எறியப்போனபோது நூலகத்துப் பெண் தடுத்தாள். "வைங்கக்கா. இதுவும் ஆவணம்தான்."

அம்மாவின் நாவல் அந்தக் காகிதங்களோடு இல்லை. அது துணி அலமாரியில், புடவைகளுக்கு அடியில் இருந்தது.

அம்மா அதைப் பல வருடங்களாக எழுதினாள். எல்லோரும் வெளியே போன பிறகு, சமையலறை மேடையில் நின்றபடி. வாசகி அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். எழுதி முடித்ததும் அம்மா அதைத் துணிப்பையில் போட்டு, ஞாயிறு இணைப்பில் தொடராகப் போடமுடியுமா பாருங்கள் என்று ஆசிரியரிடம் கொடுத்தாள். சில வாரம் அது அவர் அலுவலகத்தில் இருந்தது. பிறகு ஒருநாள் சாயங்காலம் அதே பையில் திரும்பி வந்தது. "நீளம் ஜாஸ்தி. வாசகனுக்கு இவ்வளவு பொறுமை கிடையாது" என்றார். அம்மா சரி என்று சொல்லிவிட்டுப் பையை வாங்கிக்கொண்டாள். அவ்வளவுதான். அழவோ சண்டை போடவோ இல்லை. அதற்கப்புறம் பால்காரருக்கு எழுதிவைக்கிற சீட்டையும் கோப்புகளின் பெயரையும் தவிர எதுவும் எழுதவில்லை.

அம்மா போன பிறகுதான் வாசகி அதை எடுத்துப் படித்தாள். ஒரே வீட்டில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாமல் முதுமைவரை வாழ்கிற இரண்டு சகோதரிகளின் கதை. எதற்காகப் பேச்சு நின்றது என்பதே இருவருக்கும் மறந்துபோகிறது. பேசாமல் இருப்பது மட்டும் மறப்பதில்லை. வாசகி நிறையப் படித்தவள். பெயருக்கேற்றபடி அது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்த வேலை. இது நல்ல நாவல் என்று அவளுக்குத் தெரிந்தது. இதைச் சொல்ல வேண்டிய ஆள் இல்லாமல் போனதும் தெரிந்தது.

நூலகத்துக்குக் கொடுக்கலாம் என்று எடுத்தபோது பால்பாயிண்ட் எழுத்து பல பக்கங்களில் மங்கிப்போயிருந்தது. அதனால் ஆசிரியர் தூங்குகிற மதிய வேளைகளில் உட்கார்ந்து தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள். அம்மா தலைப்பு வைத்திருக்கவில்லை. தன் பெயரையும் எங்கும் போடவில்லை.

நூலகத்துப் பெண் காய்ச்சலென்று ஒரு வாரம் வரவில்லை. நகல்கள் தீர்ந்துவிட்டன. ஆசிரியர் விடிந்ததிலிருந்தே மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். வேறு வழி தெரியாமல் வாசகி நாவலின் முதல் அத்தியாயத்தை அச்செடுத்து அவர் முன்னால் வைத்துவிட்டுக் கடைக்கு ஓடினாள். கவுண்டரில் நின்றபோதுதான் தான் செய்தது உறைத்தது. அவர் அதைக் கோடு கோடாக வெட்டி வைத்திருப்பார். அந்தப் பென்சில் கோடுகளைத் தன் கண்ணால் பார்க்க வேண்டியிருக்கும். ஒருவருக்கு மாத்திரையை மாற்றிக் கொடுக்கப் போய், கடைசி நொடியில் சுதாரித்துக்கொண்டாள்.

மதியம் வந்து பார்த்தபோது தாள்களில் ஒரு கீறல்கூட இல்லை. பென்சில் சீவியது சீவியபடி கிடந்தது. படிக்கவே இல்லையோ என்று நினைத்தாள்.

"யாரு இந்தம்மா?" என்றார் ஆசிரியர்.

"எந்தம்மா சார்?"

"இதை எழுதினவங்க."

"பொம்பளைன்னு எப்படித் தெரியும்? பேரே போடலையே."

"சின்னவ குடையை எடுத்து வாசல்ல மாட்டி வைக்கறா பாரு. அக்கா நனையக் கூடாதாம். ஆனா ஒரு வார்த்தை பேசமாட்டாளாம். இது ஆம்பளைக்குத் தோணாது." தாள்களை அடுக்கித் தட்டி நேராக்கினார். "மிச்சம் எங்க?"

வாசகி தாள்களை வாங்கிக்கொண்டாள். "நாளைக்கு வரும் சார்."

மறுநாள் இரண்டாம் அத்தியாயம், அதற்கடுத்த நாள் மூன்றாவது. காலையில் சாப்பிட்டோமா இல்லையா என்பதை நினைவில் வைக்க முடியாதவருக்கு அந்த இரண்டு சகோதரிகளும் எப்படி நினைவில் தங்கினார்கள் என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை. யார் எழுதியது என்பதை மட்டும் தினமும் புதிதாகக் கேட்பார். ஓர் இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். வேறோர் இடத்தில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "இதைத் தொடரா போடறோம். வெட்டாம போடறோம். நீளமா இருந்தா இருக்கட்டும்" என்றார். "அந்தம்மாவை ஆபீசுக்கு வரச் சொல்லு. நான் நேர்ல சொல்லணும்."

"சொல்றேன் சார்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். சந்தோஷமா ஆத்திரமா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அம்மா வாழ்நாள் முழுக்கக் காத்திருந்தாள். அது இப்போது வருகிறது, யாருக்கு யார் சொல்கிறோம் என்று தெரியாத ஒருவர் வாயிலிருந்து.

அண்ணனிடம் மனசு கேட்காமல் சொன்னாள்.

"அப்பா நிதானத்துல இருந்து சொல்லியிருந்தா அது ஒரு பேச்சு" என்றான். "இப்ப அவர் சொல்றதுக்கு என்ன மதிப்பு? பால் கணக்கைக் கொடுத்தாலும் பிரமாதம்பார்."

"அவர் உன் நாடகத்தை வேண்டாம்னுட்டார்" என்றாள் வாசகி. சொல்லியிருக்க வேண்டாம்.

அண்ணன் குரல் மாறியது. "அம்மாவோடதை லிஸ்ட்ல சேர்க்கறதை யோசிச்சுச் செய். அது அப்பா தரம் பார்த்து ஒதுக்கினது. நாளைக்கு ஆராய்ச்சி பண்றவங்க ஏன் ஒதுக்கினார்னு கேட்பாங்க."

"நீ அதைப் படிச்சிருக்கியா?"

"அப்பா படிச்சாரே" என்றான்.

நாவல் முடிய இரண்டு அத்தியாயங்களே இருந்தபோதுதான் அது நடந்தது. அன்று அவளுக்கு விடுமுறை. ஆசிரியர் படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். பென்சிலை எடுத்து ஒரு சொல்லின் கீழ் லேசாகச் சுழித்தார்.

"இங்க வா. 'கதவைத் துறந்து போனாள்'னு இருக்கு. வீட்டைத் துறக்கலாம். கதவை எப்படித் துறக்கறது?"

"திறந்துன்னு இருக்கணும். தட்டச்சுப் பிழையா இருக்கும் சார்."

"இருக்கும்னா? நீயா முடிவு பண்ணாதே. சில பேர் வேணும்னே எழுதுவாங்க. மூலப் பிரதியைக் கொண்டா, பார்ப்போம்."

வாசகி தயங்கினாள். மாடியறையில் உறைக்குள் போகக் காத்திருந்தது அம்மாவின் பிரதி. கொடுக்காமல் சமாளித்திருக்கலாம், தொலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கொடுத்துத்தான் பார்ப்போமே என்று உள்ளுக்குள் ஏதோ பிடித்துத் தள்ளியது. எடுத்துவந்து அந்தப் பக்கத்தைப் பிரித்து வைத்தாள்.

ஆசிரியர் குனிந்து பார்த்தார். அந்தச் சொல்லைத் தேடவில்லை. பக்கத்தை முழுசாகப் பார்த்தார். அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அவர் முகத்தில் என்னவோ மாறிக்கொண்டே வந்தது. வெகுநாள் ஊரில் இல்லாதவர் திரும்பி வந்தது போல இருந்தது.

"இது உங்கம்மா கையெழுத்து" என்றார்.

உங்கம்மா என்று அவர் சொல்லி மாதக்கணக்காகியிருந்தது. "ஆமாப்பா."

"இதைத்தான் என்கிட்டக் கொடுத்தாளா?"

"ஆமா. நீளம் ஜாஸ்தின்னு திருப்பிக் கொடுத்தீங்க."

அவர் தாளை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். "நான் படிக்கல" என்றார்.

"என்னது?"

"அப்ப படிக்கல. பையைப் பிரிக்கவே இல்ல."

"படிக்காமலே நீளம்னு எப்படிப்பா சொன்னீங்க?"

"கையில வாங்கும்போதே கனமா இருந்துச்சு." அவர் குரலில் சமாதானம் சொல்கிற தொனி இல்லை; கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். "நல்லா இல்லாட்டி வீட்டுல முகம் பார்க்க முடியாது. நல்லா இருந்தா ஆசிரியர் பொண்டாட்டி கதை ஆசிரியர் பேப்பர்லன்னு ஊர் பேசும். எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்."

"அதை அவகிட்ட சொல்லியிருக்கலாமே. வேற பத்திரிகைக்காவது அனுப்பியிருப்பா."

"அனுப்பியிருப்பா" என்றார் அவர்.

தரம் பார்த்து ஒதுக்கினது என்று அண்ணன் சொன்னானே, அந்தத் தரம். அம்மா சமையலறை மேடையைத் துடைத்துத் துடைத்து வாழ்ந்த அத்தனை வருடங்களும் ஒரு பையைப் பிரிக்காததில் போயிருந்தன.

ஆசிரியர் எழுந்து நின்றார். "அவ எங்க? கூப்பிடு. நான் இப்பவே சொல்லிடறேன்."

எத்தனையோ முறை அவர் அம்மாவைக் கேட்டிருக்கிறார். கடைக்குப் போயிருக்கா, தூங்கறா, வந்துடுவா என்று ஒவ்வொரு முறையும் ஒன்று சொல்லிச் சமாளித்தவள்தான். டாக்டர் அப்படித்தான் சொல்லியிருந்தார். அன்றைக்கு அவள் சமாளிக்கவில்லை.

"அவ செத்துப் போயிட்டா" என்றாள். "செத்துப் போய் வருஷக்கணக்காச்சு. நீங்கதான் கொள்ளி வச்சீங்க. இனிமே யார்கிட்டச் சொல்லப்போறீங்க?"

அவர் அவளையே பார்த்தார். பிறகு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கு அந்தச் செய்தி அப்போதுதான் வந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் முன்னால் அன்றைக்கு அழாத மனுஷன், இப்போது வாயைப் பொத்திக்கொண்டு, தோள் இரண்டும் குலுங்க அழுதார். வாசகி அசையாமல் நின்றாள். நன்றாக அழட்டும் என்றுதான் இருந்தது. பிறகு அது போய், பயம் வந்தது. பக்கத்தில் போய்த் தலையைத் தன் மேல் சாய்த்துக்கொண்டாள்.

சாயங்காலத்துக்குள் அவருக்கு எல்லாம் மறந்துவிட்டது. நாவல், அம்மா, தான் சொன்னது, அவள் சொன்னது எல்லாம். அழுகை மட்டும் நிற்கவில்லை. காபியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், கண்ணிலிருந்து வழிந்துகொண்டிருக்கும். துடைத்துவிட்டு ஈரமான கையைப் பார்ப்பார்.

"நான் எதுக்கு அழறேன்?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லப்பா. கண்ணு உறுத்துது."

"யாராவது செத்துட்டாங்களா?"

"இல்லப்பா."

அது அன்றோடு போகவில்லை. வாரக்கணக்கில் இருந்தது. காரணம் உள்ளே எங்கேயோ விழுந்து தொலைந்துபோக, துக்கம் மட்டும் வெளியே நின்றுகொண்டு போகமாட்டேன் என்றது. நகல்களைக் கொண்டுபோய் வைத்தால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாவலின் மிச்ச அத்தியாயங்களைக் கொடுத்துப் பார்த்தாள். தாளைத் தொட்டுவிட்டு, சுட்டது போலக் கையை எடுத்துக்கொண்டார். "வேணாம். பெரிய மேட்டரா இருக்கு" என்றார். நூலகத்துப் பெண் அதற்குள் பட்டியல் வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டிருந்தாள். இதையெல்லாம் அவள் பார்க்கவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் ஆசிரியர் படுக்கையில் விழுந்தார். நெஞ்சில் சளி கட்டியது. ஒரு மதியம் வாசகி கஞ்சி கலக்கிக்கொண்டு வருவதற்குள் போய்விட்டார்.

எல்லாப் பத்திரிகையும் படம் போட்டது.

காகிதங்களை ஏற்றிப்போக நூலகத்து வண்டி வருவதற்கு முன்னால் அந்தப் பெண் கடைசியாகச் சரிபார்க்க வந்தாள். அம்மாவின் நாவலைத் தனிப் பெட்டியில், அம்மாவின் பெயரில் வைக்க வேண்டும் என்று வாசகி கண்டிப்பாகச் சொன்னாள்.

"வச்சிடலாம்க்கா. குறிப்புல என்ன எழுதட்டும்? 'நாளிதழுக்கு அளிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது'ன்னு போட்டிருக்கேன்."

"நிராகரிச்சதுன்னு போடாதீங்க. படிக்கவே இல்லைன்னு போடுங்க."

பெண் நிமிர்ந்து பார்த்தாள். "உறுதியாத் தெரியுமாக்கா?"

"அவரே சொன்னார்."

அவள் அப்படியே எழுதிக்கொண்டு போனாள். ஆனால் அந்தக் குறிப்பு நூலகத்துக் குழுவுக்குப் போய், குழுவிலிருந்து அண்ணனுக்குப் போயிற்று. அண்ணன் போனில் கத்தினான். "செத்த மனுஷன் மேல சேறு பூசறதுக்கா இவ்வளவு பாடுபட்டேன்? புத்தி தடுமாறினவர் என்னமோ உளறினா அதைக் கல்வெட்டுல ஏத்துவியா?" அவர் உளறவில்லை, அந்தக் கொஞ்ச நேரம் மட்டும்தான் அவர் உளறவில்லை என்று வாசகி சொன்னாள். அவன் பேச்சை முறித்துக்கொண்டான். கடைசியில் குறிப்பு 'வெளியிடப்படாதது' என்று ஒற்றைச் சொல்லாக நின்றது. பொய் என்று சொல்ல முடியாது.

திறப்புவிழாவில் அண்ணன் நன்றாகப் பேசினான். அவன் எப்போதும் நன்றாகப் பேசுவான். கண்ணாடிப் பேழையில் ஆசிரியரின் தலையங்கம், சித்தப்பாவின் கவிதை, குடும்பத்துப் படம். படத்துக்குக் கீழே அம்மா 'ஆசிரியரின் துணைவியார்'. இந்தக் காகிதங்களைப் பூச்சி தின்னாமல் காத்த தெய்வம் அவள் என்று அண்ணன் சொன்னபோது எல்லோரும் கைதட்டினார்கள். வாசகியும் தட்டினாள்.

காபி கொடுக்கும் இடத்தில் நூலகத்துப் பெண் அவளைத் தேடிப் பிடித்தாள்.

"அம்மாவோட நாவலை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் படிச்சேன்க்கா, நீங்க தட்டச்சு பண்ணினதை. இப்ப என் அம்மா படிக்கறாங்க. சமையல் நடக்கல எங்க வீட்டுல."

வாசகிக்கு ஒரு கணம் முகம் மலர்ந்தது. "அப்படியா?" என்றாள்.

"உங்களைத்தான் நினைச்சுப்பேன். ஐயாவைக் குழந்தை மாதிரி பார்த்துக்கிட்டீங்க. கடைசி வரைக்கும் மனசுல ஒரு குறையில்லாமப் போயிருப்பார்."

வாசகி என்னவோ சொல்ல வாயெடுத்தாள். பின்னால் யாரோ காபிக்குக் கை நீட்டினார்கள். விலகி வழிவிட்டாள்.

அடுத்த வாரம் அண்ணன் கூப்பிட்டான். சண்டை நடந்ததாகவே காட்டிக்கொள்ளாமல் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு, தன் புத்தகங்கள் இடம் போதாமல் கிடக்கின்றன, மாடியறை இப்போது காலிதானே, அனுப்பிவைக்கட்டுமா என்று கேட்டான்.

"வேண்டாம்" என்றாள்.

"ஏன், அதுல என்ன வைக்கப்போற?"

"ஒண்ணும் வைக்கல" என்றாள் வாசகி. "கொஞ்ச நாள் அது சும்மா கிடக்கட்டும்."